கனேகலான் முடியில் கட்டுச்சடை: வீட்டிலேயே செய்யும் முறை

சிவன், காளி, சித்தர் என்று எந்த வேடம் கட்டினாலும் தலைக்குச் சடை வேண்டும். செட்டிநாட்டுப் பக்கம் அதற்கு வழக்கமாக இரண்டு வழிகள்தான். நாடகக்காரர்களிடம் டோப்பாவை வாடகைக்கு எடுப்பது ஒன்று. சணலையோ நைலான் சவுரியையோ கறுப்புச் சாயத்தில் முக்கிக் கட்டிக்கொள்வது இன்னொன்று. வாடகை டோப்பா பல தலைகளைப் பார்த்தது. அளவு சேராது, வியர்வை நாற்றமும் விடாது. சணல் கழுத்தை அரிக்கும், வியர்வையில் சாயம் இறங்கும், நெருப்பு பட்டால் குப்பென்று பற்றும். கனேகலான் என்ற செயற்கைப் பின்னல் முடியை வாங்கி, ஆவியில் பதப்படுத்தி நாமே சடை செய்துகொண்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பல வருடம் உழைக்கும், கழுவிக்கொள்ளலாம், கல்லூரி விழா நடனத்துக்கும் அதையே மாட்டிக்கொள்ளலாம்.

இங்கே சொல்லப்போவது, கழற்றி மாட்டக்கூடிய கட்டுச்சடை ஒரு ஜோடி. ஒரு எலாஸ்டிக் பட்டையில் 15 இரட்டைச் சடைகளைக் கோத்துத் தைக்க வேண்டும். இரட்டைச் சடை என்பது நடுவில் மடிந்து இரண்டு பக்கமும் தொங்குவது. ஆக, ஒரு பட்டையில் 30 தொங்கல், இரண்டு பட்டைக்கு 60. ஒவ்வொன்றும் 40 முதல் 43 செ.மீ. நீளம், சுண்டுவிரல் தடிமன். ஜோடியின் மொத்த எடை 300 கிராமுக்குள் அடங்க வேண்டும்.

எடை விஷயத்தில் கறாராக இருங்கள். அடர்த்தியாகத் தெரியட்டும் என்று ஆளாளுக்கு முடியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மேடை ஏறி ஒரு மணி நேரத்தில் பின்மண்டை இழுக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும். விடிய விடிய நடக்கிற நாடகத்துக்கு அரைக் கிலோ சடை கட்டினவர், வசனத்தை விட்டுவிட்டுச் சடையைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். நன்றாக எதிர்த்து வாரின (முனையிலிருந்து அடியை நோக்கிச் சீப்பைத் தள்ளி வாரின) 9 கிராம் முடி, ஏனோதானோவென்று முறுக்கின 15 கிராம் முடியைவிடத் தடிமனாகத் தெரியும். அடர்த்தி வருவது சீப்பு வேலையில்.

முடி வாங்கும்போது

தேவை கனேகலான். ஜப்பானின் கனேகா நிறுவனம் தயாரிக்கும் மோடாக்ரிலிக் என்ற செயற்கை இழை இது. ஆப்பிரிக்கப் பின்னல்களுக்கான ‘ஜம்போ பிரெய்ட்’ பாக்கெட்டுகளில் வருகிறது. கொதிக்கிற தண்ணீரின் ஆவி பட்டாலே இளகிவிடும். ஆறும்போது எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். நமக்கு வேண்டியது இந்த ஒரு குணம்தான்.

ஃபேன்சி கடைகளில் தொங்கும் பளபளப்பான நைலான் சவுரி இதற்கு ஆகாது. இழை வழவழவென்று இருப்பதால் சீப்பில் சிக்காமல் நழுவிவிடும். டொயோகலான் என்ற பெயரில் வருவது வினைல் வகை. மினுக்கம் அதிகம், எடையும் கூடுதல். பாக்கெட்டில் ‘ஹீட் ரெசிஸ்டன்ட்’ என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் பாலியெஸ்டர். கர்லிங் அயர்னின் சூட்டைத் தாங்குவதற்காகவே செய்த இழை, வெறும் ஆவிக்கு அசைந்து கொடுக்காது. மனித முடிச் சவுரியும் வேண்டாம். ஆவியில் பிடித்த முறுக்கு அடுத்த முறை ஈரம் பட்டதும் அவிழ்ந்துவிடும்.

பாக்கெட்டின் மேல் போட்டிருக்கும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பாக்கெட் வாங்கிச் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள். இருபது முப்பது இழையை எடுத்து இறுக முறுக்கி, கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் 30 விநாடி காட்டி, முறுக்கை விடாமல் ஆறவிடுங்கள். கையை எடுத்த பிறகும் முறுக்கு அப்படியே நின்றால் அது நமக்கான முடி. இரண்டாவது, தீச்சோதனை. நாலைந்து இழையைச் சாமணத்தால் பிடித்துத் தீக்குச்சியில் காட்டினால் கனேகலான் சுருங்கிக் கருகும், தீயை விலக்கியதும் தானாக அணைந்துவிடும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிச் சொட்டும். மனித முடி பொசுங்கி நாறும், சாம்பல் விரலில் பொடிந்துபோகும். இதைத் திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

100 கிராம் ஜம்போ பாக்கெட் மூன்று வாங்கினால் போதும். பாக்கெட்டில் மடித்து 24 அங்குலம், பிரித்தால் 48 அங்குலம் இருக்கும். எக்ஸ்பிரஷன் அல்ட்ரா பிரெய்ட் வாங்கினால் ஒரு பாக்கெட் 165 கிராம், பிரித்த நீளம் 82 அங்குலம். அதை நடுவில் இரண்டாக வெட்டி 41 அங்குலமாக வைத்துக்கொள்ளலாம். சடை கொஞ்சம் குட்டையாக வரும். இடுப்புவரை தொங்க வேண்டிய காளி வேடம் என்றால் வெட்டாமல் முழு நீளத்தில் செய்யுங்கள். அதற்கு ஒரு சடைக்கு 14 கிராம் பிடிக்கும். அப்போது எண்ணிக்கையைப் பட்டைக்குப் பத்தாகக் குறைத்தால்தான் எடை கட்டுக்குள் நிற்கும்.

நிறம் எண்ணில் வரும். 1 கரிக்கறுப்பு, 1பி இயல்பான கறுப்பு, 4 அடர் பழுப்பு, 33 கருஞ்சிவப்புப் பழுப்பு, 350 செம்பு நிறம். ஒரே கறுப்பில் செய்தால் மேடை விளக்கில் சடைக்குச் சடை பிரிந்து தெரியாது, மொத்தமும் ஒரே கருந்திட்டாகத்தான் இருக்கும். அதுவும் சிவனைச் செஞ்சடையன் என்றே பாடி வந்த மண்ணில், சிவன் வேடத்துக்குக் கரிக்கறுப்புச் சடை பொருந்தவே பொருந்தாது. 33 இரண்டு பாக்கெட், 350 ஒரு பாக்கெட் வாங்கி, ஒவ்வொரு சடைக்கும் 6 கிராமும் 3 கிராமுமாகக் கலந்தால் அடங்கின செம்பு நிறம் வரும். காளிக்கு அதே விகிதத்தில் 1பி-யும் 33-ம்.

மற்ற சாமான்கள்: 0.1 கிராம் காட்டும் பாக்கெட் தராசு, பல் நெருக்கமான இரும்பு வால் சீப்பு, துணிக்கு ஆவி பிடிக்கும் கார்மென்ட் ஸ்டீமர், சின்ன ரப்பர் பேண்ட், 0.75 மி.மீ. குரோஷா ஊசி, 1 செ.மீ. அகல எலாஸ்டிக், மெழுகு நூல், தடித்த ஊசி, பருத்தி நாடா, பருத்திக் கையுறை, அதற்கு மேல் போட ரப்பர் கையுறை. பிளாஸ்டிக் சீப்பு வேண்டாம். பாதி வேலையில் பல் உடையும், வாரும்போது முடியில் மின்னேற்றமும் ஏறி இழை கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

அரிப்பை முதலிலேயே போக்குங்கள்

புதுப் பாக்கெட் முடியின் மேல் ஒரு பூச்சு இருக்கும். பலருக்குக் கழுத்திலும் காதோரத்திலும் அரிப்பு எடுப்பது அதனால்தான். 5 லிட்டர் தண்ணீரில் 250 மி.லி. வெள்ளை வினிகர் கலந்து முடியை 30 நிமிடம் ஊறவையுங்கள். தண்ணீர் லேசாகக் கலங்கி, மேலே வெண்மையான ஆடை படியும். இறுத்துவிட்டு இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஊறப்போடும் முன்பு நடுவிலும் இருபுறமும் ரப்பர் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் மூன்று பாக்கெட்டும் ஒரே சிக்காகிவிடும். சம்பை ஊற்றுத் தண்ணீர் வருகிற காரைக்குடி வீடுகளில் கவலையில்லை. போர்வெல்லில் உப்பேறிய தண்ணீர் வரும் ஊர்களில், கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் எடுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் கரும்முடியில் வெள்ளைப் பூத்து நிற்கும். அலசினதை நிழலில் ஒரு இரவு தொங்கவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். ஈரமான இழையை எதிர்த்து வார முடியாது.

இடம்

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்து செய்வது வசதி. காற்றும் வெளிச்சமும் இருக்கும், ஆவியும் தேங்காது. முடியை மாட்டி இழுக்க ஒரு பிடிமானம் வேண்டும். அதற்குத் தேக்குத் தூணில் கிளாம்ப் போடாதீர்கள், மரத்தில் தடம் விழுந்தால் போகாது. ஜன்னல் கம்பியே போதும். நெஞ்சு உயரத்தில் கம்பியில் ஒரு எஸ் கொக்கி மாட்டிக்கொள்ளுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, கீழே பழைய வேட்டியை விரியுங்கள். உதிர்ந்த இழை ஆத்தங்குடிக் கல்தரையில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, கால் வைத்தால் வழுக்கும்.

பிரித்தலும் முனை சரித்தலும்

முடியை 9 கிராம் கட்டுகளாக நிறுத்துப் பிரியுங்கள். மூன்று பாக்கெட்டில் 33 கட்டு வரவேண்டும். வேண்டியது 30, மீதி கை பழக. பாக்கெட்டில் போட்டிருக்கும் எடை அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், கிராம் கணக்கில் முன்னே பின்னே இருக்கும். கண்ணளவில் பிரித்தால் ஒன்று கட்டைவிரலாகவும் இன்னொன்று ஈர்க்குச்சியாகவும் வந்து நிற்கும்.

இரண்டு நிறம் கலப்பதற்குச் சீப்பு வேண்டாம். இரண்டு கட்டையும் சேர்த்துப் பிடித்து, நடுவில் இழுத்துப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து மறுபடி இழுங்கள். ஐந்தாறு முறை செய்தால் வரிவரியாக இயல்பான கலப்பு கிடைக்கும். பத்து முறைக்கு மேல் போனால் இரண்டு நிறமும் கரைந்து, இடைப்பட்ட ஒரே நிறமாகத் தெரியும்.

அடுத்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாக்கெட் முடி எல்லாம் ஒரே நீளத்தில் வெட்டினது. அப்படியே சடையாக்கினால் நுனி மொட்டையாக, வெட்டின கயிறாக நிற்கும். கட்டின் இரு முனையையும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழையை வெளியே இழுத்து, முனைகள் 10 செ.மீ. வரை முன்னும் பின்னுமாகச் சரிந்து நிற்கும்படி செய்யுங்கள். ‘ப்ரீ ஸ்ட்ரெச்ட்’ என்று போட்ட பாக்கெட்டில் இந்த வேலை முடிந்தே வரும்.

சரித்த பிறகு கட்டின் நடுவைக் கண்டுபிடித்து, நடுவிலிருந்து இருபுறமும் 2 செ.மீ. தள்ளி இறுக்கமாக ரப்பர் போடுங்கள். இந்த 4 செ.மீ. வெற்று முடியாகவே இருக்கட்டும். எலாஸ்டிக்கில் மடிந்து உட்காரப்போகும் இடம் அதுதான்.

எதிர்த்து வாருதல்

ஒரு ரப்பருக்கு மேலே உள்ள நடுப்பகுதியைக் கொக்கியில் மாட்டி, மறுபாதியை ஓரமாகக் கட்டி வையுங்கள். இடது கையால் முடியின் முனைப்பக்கம் பிடித்து விறைப்பாக இழுத்துக்கொள்ளுங்கள். ரப்பரிலிருந்து 5 செ.மீ. தள்ளிச் சீப்பைப் பதித்து, ரப்பரை நோக்கித் தள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று தள்ளலுக்குச் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். நாலாவதில் சரசரவென்ற சத்தம் கேட்கும், இழை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மேலே கூடும். அந்தச் சத்தம் நின்று சீப்பு முட்டிக்கொண்டால் அந்த இடம் போதும் என்று அர்த்தம். அங்கிருந்து அடுத்த 5 செ.மீ.

கட்டைத் தட்டையாக வைத்து ஒரே பக்கம் வாரினால் உள்ளே வாரப்படாத முடி தங்கிவிடும். ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் கட்டைத் திருப்பித் திருப்பி, நாலு பக்கமும் சீப்பு விழ வேண்டும். வாரி முடித்த பாதி இலவம்பஞ்சாக உப்பி, உள்ளங்கை அகலத்துக்கு நிற்கும், நீளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். 24 அங்குலம் 16 அல்லது 17 அங்குலமாகும். குறையவில்லை என்றால் வாரினது பற்றாது. நுனியில் கடைசி 5 செ.மீ.யை மட்டும் மெலிதாக வாருங்கள்.

முறுக்குவதற்கு முன்பு கட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவித் தெரியும் இடம் மெலிந்த இடம், கறுத்துத் திரண்டது முண்டு. முண்டைச் சீப்பின் வாலால் குத்தி இரு பக்கமும் இழுத்துப் பரப்பிவிடலாம். ஆவி பிடித்த பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை.

ஆவி

ஸ்டீமரில் தண்ணீர் ஊற்றி, ஆவி தடையில்லாமல் வரும்வரை ஐந்தாறு நிமிடம் விடுங்கள். ஆரம்பத்தில் சொட்டும் வெந்நீர் சடையில் பட்டால் ஈரம் உள்ளே தங்கும். பருத்திக் கையுறையும் அதன்மேல் ரப்பர் கையுறையும் கட்டாயம். பருத்தியை மட்டும் போட்டால் ஆவி ஊறி உள்ளே நுழையும், அந்தச் சூடு வெறுங்கையில் படுவதைவிட மோசம், உடனே கழற்றவும் வராது.

ரப்பரிலிருந்து தொடங்குங்கள். வாரின கட்டை ஒரே திசையில் இறுக முறுக்கிப் பிடித்து, ஸ்டீமர் வாயை 5 செ.மீ. தூரத்தில் வைத்து, முதல் 5 செ.மீ. சடைக்கு 8 முதல் 10 விநாடி ஆவி காட்டுங்கள். கவனித்துப் பார்த்தால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். வெளியே சிலிர்த்து நின்ற மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு சடையின் மேல் படிந்துகொள்ளும், உப்பியிருந்த கட்டு விரலுக்குள் மெள்ள ஒடுங்கும், பளபளப்பு மங்கி நிஜ முடியின் மந்தமான நிறம் வரும். அந்த மங்கல்தான் அளவு. அதோடு ஆவியை விலக்கிவிட வேண்டும்.

விலக்கின பிறகும் முறுக்கை விடாதீர்கள். குறைந்தது 10 விநாடி, விரலுக்குச் சூடு தெரியாமல் போகும்வரை பிடித்திருக்க வேண்டும். இழை வடிவத்தைப் பிடித்துக்கொள்வது ஆறுகிற அந்த நேரத்தில்தான். சடை தளர்ந்துபோகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஆவியைக் குறைத்தவர்கள் அல்ல, ஆறுவதற்குள் கையை எடுத்தவர்கள். சித்திரை வெயிலில் வேலை செய்தால் ஆற இன்னும் அதிக நேரம் பிடிக்கும். பக்கத்தில் ஈரத்துணி வைத்துக்கொண்டு, கையுறையை அதில் ஒற்றி ஒற்றிப் பிடித்தால் சீக்கிரம் ஆறும்.

இப்படியே 5 செ.மீ., 5 செ.மீ.யாக நுனிவரை போங்கள். பாதி முடிந்ததும் சடையை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, லேசாக ஆவி காட்டி உருட்டிக்கொடுத்தால் முறுக்கின் வரித்தடம் மறைந்து உருண்டை வடிவம் வரும்.

நுனிக்குத் தனிக் கவனம் வேண்டும். மெலிதாக வாரின கடைசி 5 செ.மீ.யில் துருத்தும் இழைகளைப் பின்னோக்கி மடித்து, சடையின் மேல் சுற்றி, ஆவி காட்டி உருட்டுங்கள். அப்படியும் மடங்காதவற்றைக் குரோஷா ஊசியால் சடைக்குள் இழுத்து விடுங்கள். ஊசியை நுனியிலிருந்து 2 செ.மீ. மேலே குத்தி, கொக்கியில் நாலைந்து இழையை மாட்டி உள்ளே இழுக்க வேண்டும். மெழுகுவர்த்தியில் காட்டி நுனியை உருக்கி ஒட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். கெட்டியாகிப் பளபளக்கும் அந்த முனை, ஆடும்போது கன்னத்திலும் கண்ணிலும் குத்தும்.

ஒரு பக்கம் முடிந்ததும் கட்டைத் திருப்பி மாட்டி அடுத்த பாதியை அப்படியே செய்யுங்கள். புதிதாகச் செய்பவருக்கு ஒரு இரட்டைச் சடைக்கு அரை மணி நேரம் ஆகும். கை பழகினால் 15 நிமிடம். முப்பதையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் மணிக்கட்டு வலிக்கும், கடைசிச் சடைகள் தளர்ந்து வரும். மூன்று நாலு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீமர் இல்லாவிட்டால் பழைய இட்லிச் சட்டி உதவும். துணி போடாமல் துளைத்தட்டை மட்டும் வைத்தால் துளை வழியே ஆவி சீராக வரும், சடையை அதற்கு 8 செ.மீ. மேலே பிடித்து முறுக்குங்கள். சமையலுக்கு வைத்திருக்கும் சட்டியை இதற்கு எடுக்க வேண்டாம். குக்கர் விசில் துளையில் காட்டுவது ஆபத்து, ஆவி ஒரே புள்ளியில் அடித்துக் கையைச் சுட்டுவிடும். ஹேர் டிரையரின் உலர்ந்த காற்று இழையைக் கலைத்துவிடும், பிடிப்பு தராது. ஸ்ட்ரெய்ட்டனர் சடையைத் தட்டையாக நசுக்கி உருக்கிவிடும்.

சுருள் சடை வேண்டுமென்றால், செய்து முடித்த சடையைப் பென்சில் தடிமன் மரக்குச்சியில் சுற்றி, இரு முனையிலும் ரப்பர் போட்டு, கொதிநீரில் 15 விநாடி முக்கி எடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள். எல்லாச் சடையையும் சுருட்டாமல் பட்டைக்கு ஏழெட்டை மட்டும் சுருட்டினால் பார்க்க இயல்பாக இருக்கும்.

எங்கே கெடுகிறது

சடை குச்சியாக விறைத்து, பிளாஸ்டிக் மினுக்கம் வந்துவிட்டால் ஆவி கூடிவிட்டது, இல்லையென்றால் ஸ்டீமர் வாய் சடையைத் தொட்டுவிட்டது. இதை மீட்க முடியாது. நடுவில் புடைத்து, மேலும் கீழும் மெலிந்தால் வாரினது சீராக இல்லை. வெளியே உறுதியாகத் தெரிந்தும், மடக்கினால் உள்ளே வெற்று முடி இருப்பது கைக்குத் தட்டுப்பட்டால், கட்டைத் திருப்பாமல் ஒரு பக்கம் மட்டும் வாரியிருக்கிறீர்கள். சடை பாம்பாக நெளிந்துகொண்டே தொங்கினால், ஆறும்போது கை இழுத்துப் பிடிக்காமல் தளர்ந்திருக்கிறது. மறுபடி ஆவி காட்டி, கீழ்முனையில் ஒரு துணி கிளிப் மாட்டித் தொங்கவிட்டு ஆறவிட்டால் நேராகும். இரண்டு நாளில் இழை இழையாகப் பிரிந்து வந்தால் முடியே தவறு, அது பாலியெஸ்டர்.

பட்டையில் கோத்தல்

22 செ.மீ. எலாஸ்டிக் வெட்டி, இரு முனையிலும் 2 செ.மீ. மடிப்புக்கு விட்டு, நடுவில் உள்ள 18 செ.மீ.யில் 1.2 செ.மீ.க்கு ஒன்றாக 15 இடம் குறியுங்கள். முனைகளில் 25 செ.மீ. பருத்தி நாடாவை வைத்துத் தைத்துவிடுங்கள், பின்னால் முடிச்சுப் போட இதுதான் வேண்டும்.

சடையின் வெற்று நடுப்பகுதியை எலாஸ்டிக்கின் மேல் மடித்து, பட்டைக்குச் சரியாகக் கீழே இரண்டு பக்கத்தையும் சேர்த்து மெழுகு நூலால் பத்துச் சுற்று இறுகச் சுற்றுங்கள். ஊசியைச் சடைக்குள் குறுக்கே இரண்டு முறை ஓட்டி, கடைசித் தையலைப் பட்டையிலும் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். பட்டையில் பிடிக்காவிட்டால் ஆடும்போது சடைகள் ஒரு பக்கமாக நகர்ந்து குவிந்துவிடும். நூல் ஏறியதும் நடுவில் போட்ட ரப்பர்களை வெட்டி எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் ஒரே கோடையில் இளகி, முடியில் ஒட்டிப் பிசுபிசுக்கும்.

பட்டையின் உள்பக்கம் தலையில் படும். கண்டாங்கிச் சேலையின் கிழிந்த துண்டு வீட்டில் இருந்தால் 3 செ.மீ. அகலத்தில் வெட்டி, மடித்து, மேலே வைத்துத் தைத்துவிடலாம். பருத்தி என்பதால் வியர்வையை உறிஞ்சும், எலாஸ்டிக் தோலில் பதியாது. இது ஓரளவு தளர்வாக இருக்கட்டும், இறுக்கித் தைத்தால் எலாஸ்டிக் நீளாது.

தலைமுடி கத்தரித்த ஆண்களுக்குக் கொண்டை இருக்காது, பட்டையைக் கட்ட இடமில்லை. அவர்களுக்கு டோப்பா முறைதான். எலாஸ்டிக் வலைத்தொப்பியை ஆளின் தலையளவு உள்ள பானையில் கவிழ்த்து, பிடரியிலிருந்து மேல்நோக்கி 2.5 செ.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாக இரட்டைச் சடைகளைத் தைத்துக்கொண்டு வாருங்கள். 28 அல்லது 30 சடையில் தலை மூடிவிடும். முன்நெற்றியில் கடைசி வரிசையைப் பின்னோக்கி வைத்துத் தைக்க வேண்டும். இல்லையென்றால் தொப்பியின் விளிம்பு தெரியும்.

கட்டுதல், நெருப்பு

சொந்த முடியை உச்சிக்குச் சற்றுப் பின்னால் இறுக்கமான கொண்டையாகப் போட்டு, வலை மாட்டி, முதல் பட்டையைக் கொண்டையின் அடியில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி நாடாவை முடியுங்கள். இரண்டாவது பட்டை அதற்கு மேலே, முடிச்சு எதிர்ப்பக்கம் வரும்படி. பிறகு எட்டுக் கொண்டை ஊசிகளை எலாஸ்டிக்கைக் கவ்வி, சொந்த முடிக்குள் சாய்வாக இறக்குங்கள். தலையை வேகமாக இரண்டு பக்கமும் உதறிப் பாருங்கள். சடை தலையோடு திரும்ப வேண்டும், தனியே பின்தங்கித் திரும்பினால் ஊசி இன்னும் வேண்டும். தாண்டவம் ஆடுபவர்கள் இந்தச் சோதனையை ஒப்பனை போடுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

பிறை, நாகம், கங்கை முகம் எல்லாம் ஃபோம் ஷீட்டில் வெட்டி வண்ணம் பூசினால் போதும். பித்தளை நாகம் அழகுதான், ஆனால் மிச்சப்படுத்தின எடையெல்லாம் அதில் போய்விடும். உத்திராட்ச மணி கோக்க ஆசைப்பட்டால் ஒரு பட்டைக்கு ஐந்தாறு சடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நெருப்பு விஷயத்தில் சமரசமே வேண்டாம். மாசி, பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா போன்ற இடங்களில் தீச்சட்டியும் பூக்குழியும் இருக்கும். கனேகலான் தானாக அணையும் இழை என்றாலும், சூடு பட்ட இடத்தில் உருகித் தோலில் ஒட்டும். தீச்சட்டி எடுப்பவர், பூக்குழி இறங்குபவர் தலையில் செயற்கைச் சடை இருக்கவே கூடாது. மேடையில் கற்பூர ஆரத்தி காட்டும் காட்சியிலும் தட்டு ஒரு கை தூரத்துக்கு அப்பால் நிற்கட்டும். ஒப்பனை அறையில் சடை கட்டியவர் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கழுவுதல், பழுது பார்த்தல்

மூன்று நாலு முறை கட்டின பிறகு கழுவினால் போதும். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மூடி ஷாம்பூ கலந்து 15 நிமிடம் ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அமுக்கி எடுங்கள். அலசினதும் துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் முழுசாக ஒரு நாள் தொங்கட்டும். வெளியே காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சை நாற்றம் வரும், பிறகு எத்தனை முறை கழுவினாலும் போகாது. எண்ணெய், சீரம், ஹேர் ஸ்பிரே எதுவும் போட வேண்டாம், தூசி ஒட்டும்.

எடுத்து வைக்கும்போது மடிக்காமல், நாடாவைப் பிடித்துத் தொங்கவிடலாம், அல்லது காற்றோட்டமான ஓலைக் கொட்டானில் வட்டமாகச் சுற்றி வைக்கலாம். மொட்டைமாடி அறையில் தகரப் பெட்டிக்குள் போட்டால் கோடைச் சூட்டில் மடிந்த இடம் மடிந்தபடியே படிந்துவிடும். அப்படிப் படிந்துபோன சடைக்கும், சிலிர்த்து நிற்கும் பழைய சடைக்கும் வைத்தியம் ஒன்றே. பட்டையிலிருந்து பிரிக்காமல் ஜன்னல் கம்பியில் மாட்டி, செய்தபோது முறுக்கின அதே திசையில் முறுக்கி, 5 செ.மீ.க்கு 5 விநாடி ஆவி காட்டி, ஆறும்வரை பிடித்திருங்கள். எதிர்த்திசையில் முறுக்கினால் உள்கட்டு அவிழும். எந்தத் திசையில் முறுக்கினோம் என்பது மறந்துபோகும் என்பதால், பட்டையின் உள்பக்கம் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.